ட்ரிக்கரில் தொங்கிய ராகி மாவு

மதியம் மூன்று மணி இருக்கும். ஓசூரில், எங்கள் இரண்டாம் மாடி வீட்டுச் சமையலறை. குக்கரை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, மேடை ஓரமாக நின்று, ஒரு கைத்துப்பாக்கியைக் குழல் கூரையைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அதன் ட்ரிக்கரில் ஒரு கம்பிக் கொக்கி. கொக்கியில் ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் அரை கிலோ ராகி மாவு பாக்கெட்.

உள் அறையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மெல்ல உயர்த்தினேன். பையின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அடிப்பக்கம் மேடையை விட்டுக் கிளம்பியது. ஒரு விரல் உயரம். இரண்டு விரல் உயரம். ட்ரிக்கர் அசையவில்லை.

பையை இறக்கி, ஆலன் கீ என்ற வளைந்த திருகுகோலால் ட்ரிக்கரின் திருகாணியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தளர்த்தினேன். மறுபடி தூக்கினேன். பை மேடையை விட்ட அதே நொடியில் 'டிக்' என்று ட்ரிக்கர் விழுந்தது. தளர்த்தியதில் பாதியைத் திரும்ப முறுக்கினேன். தூக்கினேன். தாங்கியது!

அதுதான் நான் தேடிய இடம். அரை கிலோவைத் தாங்கும். அதற்கு மேல் ஒரு கைப்பிடி சேர்ந்தால் விழுந்துவிடும். துப்பாக்கியை மேடைமேல் படுக்க வைத்துவிட்டு, கொலுசுச் சத்தம் கேட்காமல் ஒரு சின்ன ஆட்டமே போட்டேன்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. நான் ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் பெயர் இனியா, மூன்று வயது முடிந்துவிட்டது. கணவர் பிரகாஷ் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஜூனில் இனியா பள்ளிக்கூடம் போவாள், நான் வேலைக்குத் திரும்புவேன் என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு போட்டி இருந்தது. கிருஷ்ணகிரியில், பெண்களுக்கான காற்றுத் துப்பாக்கிப் போட்டி. அதில் தகுதி மதிப்பெண்ணைத் தொட்டால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தொடாவிட்டால் அவ்வளவுதான். ஷிப்ட், பள்ளி வேன், டிபன் பாக்ஸ் என்று ஆனபிறகு எனக்கு இன்னொரு வாய்ப்பு எங்கிருந்து வரும்?

அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. ட்ரிக்கர் குறைந்தது அரை கிலோவைத் தாங்க வேண்டும். லேசான ட்ரிக்கர் என்றால் கை அசையாமல் சுடலாம். ஆளாளுக்கு லேசாக்கிக்கொண்டே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை அது. எனவே எல்லோரும் அந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் வந்து நிற்பார்கள். நானும் அதை ஒட்டி நிற்கத்தான் ராகி மாவைத் தொங்கவிட்டேன்.

சாவி தொங்கும் இடம்

சென்ற வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகி, "சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் துப்பாக்கியா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர் ஒருமுறைதான் கேட்டார். நான் என்னையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி பீரோ லாக்கரில் இருக்கும். அதற்குக் காற்று தரும் உருளையைக் கழற்றிப் பரண்மேல் வைத்திருப்பேன். ஈயக் குண்டுகள் வீட்டுக்கே வராது, பயிற்சி செய்யும் ரேஞ்சிலேயே இருக்கும். குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று எப்போதும் செருகியிருக்கும். கயிறு வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தவுடனே புரியும். பீரோ சாவி ஊக்கில் கோத்து என் தாலிச் சரட்டில் தொங்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பாகலூர் ரோடு பஸ் ஸ்டாப் வரை இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள், பீரோவைப் பூட்டினோமா என்று மாடி ஏறித் திரும்பி வந்திருக்கிறேன். வந்ததும் வந்தோம் என்று கேஸ் குமிழையும் பார்த்துவிட்டு இறங்குவேன்.

பிரகாஷ் சிரிப்பார். "சாவி உன் கழுத்துல தொங்குது. எவனாச்சும் திருட வந்தா முதல்ல உன்னத்தான் தூக்கிட்டுப் போவணும். தூக்கட்டும் பாக்கலாம்!"

பலூன்கள்

நான் எப்போதுமே இப்படித்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சையில், எழுதிய பதிவு எண்ணை மறுபடி மறுபடி சரிபார்த்ததில் கடைசிக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. கடைசியில் இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி கிடைத்தது. அங்கே சரிபார்ப்பதுதான் வேலை. போல்ட்டை முறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். கோடு உடையாமல் இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். என் வாழ்க்கையிலும் எல்லாவற்றின் மேலும் அப்படி ஒரு கோடு இழுக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

துப்பாக்கி முதன்முதலில் என் கைக்கு வந்தது, பக்கத்து ஊரான பேரிகையில் நடந்த திருவிழாவில். பிரகாஷின் நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். பொரிகடலை வாசனையும் ஜெனரேட்டர் புகையும் கலந்து வீசிய தெருவில் ஒரு பலூன் சுடும் கடை. இனியா அழுது அடம்பிடித்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே நான் துப்பாக்கியை வாங்கினேன்.

கடைக்காரர் தெலுங்கு கலந்த தமிழில், "அக்கா, கொழந்தய அவருகிட்ட குடுத்துட்டு சுடுங்க. பலூனெல்லாம் பயப்படுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இனியாவைக் கொடுத்துவிட்டுச் சுட்டேன். குண்டு இடது பக்கம் பலகையில் பட்டது. மறுபடி சுட்டேன். அதே இடம். மூன்றாவதும் அங்கேயே. கடைக்காரர் "பாவம்" என்றார். எனக்கோ உடம்பெல்லாம் பரபரத்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற பிழையை நான் தினமும் பார்த்தவள். அது ஆளின் பிழை இல்லை, கருவியின் கோணல். எவ்வளவு இடது பக்கம் போகிறதோ அவ்வளவு வலது பக்கம் தள்ளிக் குறி வைத்தேன்.

ஒரு வரிசை பலூன் முழுக்க வெடித்தது. இரண்டாவது வரிசையில் பாதி போனபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதுங்க்கா. ஊதறவன் நானு!"

திரும்பி வரும் வழியெல்லாம் பிரகாஷ் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம், ஓசூரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ரேஞ்சுக்கு அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அங்கேதான் ஷைலஜா பழக்கமானாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வீடு. போட்டிகளில் கர்நாடகா சார்பாகச் சுடுவாள். பயிற்சிக்கு ஓசூர் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கன்னட வாசனையோடு தமிழ் பேசுவாள். முதல் நாள் நான் குறி வைத்து, தயங்கித் தயங்கிச் சுட்டதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "சந்தேகம் வந்தா சுடாதீங்க அக்கா. இறக்கிடுங்க. மறுபடி தூக்குங்க. எத்தன வாட்டி வேணாலும் இறக்கலாம்."

நான் அவளையே பார்த்தேன். அம்மா, டீச்சர், சூப்பர்வைசர், பிரகாஷ் என்று எல்லோரும் 'ஏன் இவ்வளவு யோசிக்கிற' என்று கேட்டே பழகியவள் நான். சந்தேகப்படுவதற்கு விதியிலேயே இடம் கொடுக்கிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

இளஞ்சிவப்புப் பொட்டு

ஷைலஜா புதுத் துப்பாக்கி வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தாள். மரப்பிடியில் அவள் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் இருந்தது. ட்ரிக்கர் அவளுடைய நீளமான விரலுக்கு ஏற்ப முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. என் விரல் குட்டை. நுனியால் எட்டித் தொடுவதற்குள் மணிக்கட்டு திரும்பிவிடும்.

"உங்க கைக்கு மாத்திக்கோங்க அக்கா. நாலே திருகாணிதான்" என்றாள்.

பார்த்தேன். ட்ரிக்கரைக் கனமாக்கும் திருகாணியின் தலையில், பக்கத்து உலோகத்தோடு சேர்த்து, இளஞ்சிவப்பில் ஒரு பொட்டு.

"இது என்ன?"

"நெயில் பாலிஷ். செட் பண்ணி முடிச்சிட்டு வெச்சிடுவேன். பொட்டு ஒடையலன்னா யாரும் தொடலன்னு அர்த்தம்."

எங்கள் கம்பெனியின் மஞ்சள் கோடு! ஊர்விட்டு ஊர் வந்து சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் இப்போது அதை உடைக்க வேண்டியவள் நான். இரண்டு நாள் உடைக்கவில்லை. மூன்றாம் நாள் பாப்பா தூங்கியதும் ஆலன் கீயை வைத்துத் திருப்பினேன். மெல்லிய சத்தத்தோடு இளஞ்சிவப்புச் செதில் ஒன்று உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

அதற்குப் பிறகு கிடைத்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? ட்ரிக்கரை என் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் மெத்தென்று பின்னால் வரும். பிறகு ஒரு சுவர். விரல் அங்கே போய் நிற்கும். சுவரின் மேல் இன்னும் கொஞ்சம் எடையை வைத்தால், பொரித்த அப்பளத்தின் ஓரம் உடைவதுபோல், 'டிக்'. அது எப்போது உடையும் என்று முன்கூட்டியே தெரியக் கூடாது. தெரிந்தால் கை பயந்து ஆடும். நல்ல ட்ரிக்கர் நம்மிடம் சொல்லிவிட்டு விழாது. நான் முடிவெடுக்கும் முன்பே முடிந்துவிடுகிற ஒரு காரியம்! எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

அன்றைக்குத்தான் ராகி மாவு தொங்கியது. சரியாக அரை கிலோவில் நின்றதும் ஷைலஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஆய்த்தா அக்கா? முடிஞ்சுதா? சூப்பர். இப்பவே நெயில் பாலிஷ் வெச்சிடுங்க. இனி தொடவே தொடாதீங்க."

"நாளைக்கு ஒரே ஒரு தடவ பாத்துட்டு வெச்சிடறேன்" என்றேன்.

மஞ்சள் பையை அப்படியே சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்க ஆணியில் மாட்டினேன்.

நாளுக்கு நாள்

மறுநாள் மதியம் பையைத் தூக்கிப் பார்த்தேன். தாங்கியது. நேற்றைவிடச் சுலபமாகவே தாங்கியதுபோல் தோன்றியது. நேற்று கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டேனோ? மயிரிழை தளர்த்தினேன். விளிம்பைப் பிடித்தேன். நெயில் பாலிஷை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு மதியமும் எனக்கு ஒரு மயிரிழை மிச்சம் கிடைத்தது. எனக்குக் கை பழகிவிட்டது, விளிம்பை முன்பைவிட நுணுக்கமாகக் கண்டுபிடிக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

ரேஞ்சில் என் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. எட்டு விழுந்த இடத்தில் ஒன்பது. ஒன்பது விழுந்த இடத்தில் பத்து. அப்பளம்கூட இல்லை, பூரியின் மேல்தோல்போல் உடைந்தது ட்ரிக்கர். போட்டிக்கு முந்தின வாரம் முழுவதும் நான் தகுதிக் கோட்டுக்கு மேலேயே இருந்தேன். ராத்திரி படுத்தால் கறுப்பு வட்டம் கண்ணுக்குள் மிதக்கும். மாநிலப் போட்டி நடக்கிற ஊருக்கு எந்த பஸ், இனியாவுக்கு எந்த ஸ்வெட்டர் என்பதுவரை போய்விட்டேன்.

ஷைலஜா கிண்டல் செய்தாள். "என்னக்கா, அப்படி என்ன சாப்பிடறீங்க?"

"ராகிக் கஞ்சி! எங்க வீட்டுல தினமும் காலையில அதான். எனக்கும் பாப்பாவுக்கும் பிரகாஷே காய்ச்சிடுவார்" என்றேன். அந்த வாரங்களில் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். காலைச் சமையல் அவருடையது.

சொல்லும்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

டிக், டிக், டிக்

போட்டி கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில். நாங்கள் மூவரும் காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். எனக்குத் துணையாக ஷைலஜாவும் வந்திருந்தாள். வாசலில் சுண்ணாம்புக் கோடு, மைக் சோதனை, புது டிராக் சூட்டுகளின் பிளாஸ்டிக் வாசனை. எனக்குப் பயம்தான், ஆனால் பாதிக்கு மேல் சந்தோஷம்.

துப்பாக்கிப் பரிசோதனை மேசையில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொக்கி வைத்த இரும்பு எடை. அதன்மேல், எப்போது சரிபார்த்தது என்று சொல்லும் வெள்ளை ஸ்டிக்கர். எங்கள் கம்பெனியில் இந்த ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியையும் கையால் தொடக்கூட விடமாட்டார்கள்.

அந்த அம்மா என் துப்பாக்கியை நிமிர்த்தினார். கொக்கியை மாட்டினார். தூக்கினார்.

டிக்.

எடை மேசையை விட்டு அசையவே இல்லை.

"இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்குதும்மா" என்று மறுபடி தூக்கினார். டிக். மூன்றாவது முறை, எனக்காகவே போல, மிக மெதுவாகத் தூக்கினார்.

டிக்.

"ரொம்ப லூசா இருக்குது. வெளிய போயி டைட் பண்ணிட்டு வாங்க. உங்க பேட்ச்ச ரிலேக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்துட்டீங்கன்னா மறுபடி பாக்கறேன். இல்லைன்னா சுட முடியாதும்மா."

வெளியே புங்க மரத்தடிக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நிழல் சிமென்ட் பெஞ்சில் பிரகாஷ் இனியாவின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவையும் விழுந்திடுச்சு" என்றேன். "தினமும் பாத்தேங்க. தினமும் அரை கிலோ போட்டுப் பாத்தேன்!"

ஷைலஜா கேட்டாள். "எதுல பாத்தீங்க அக்கா?"

"ராகி மாவு. அரை கிலோ பாக்கெட்டு. பையோட தூக்கினா கொஞ்சம் கூடத்தான் இருக்கும், குறையாது."

பிரகாஷின் கை லேஸிலேயே நின்றுவிட்டது. "அலமாரிக் கதவுல தொங்குமே, மஞ்சப் பை. அதுவா?"

"ஆமா."

"அதுல இருந்துதான டெய்லி கஞ்சிக்கு மாவு எடுக்கறன்!"

மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீ மாவ அங்க மாத்தி வெச்சிருக்கேன்னு நெனச்சன். காலையில எடுப்பன், கிளிப் போட்டு அப்படியே மாட்டிடுவன்..." என்றார் பிரகாஷ், தவறு செய்த பையன் முகத்தோடு.

ஷைலஜா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா! பாப்பா உங்க ட்ரிக்கர குடிச்சிட்டா!"

இனியா, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, "நான் குடிச்சிட்டேன்!" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாவு குறையக் குறைய நான் திருகாணியைத் தளர்த்தியிருக்கிறேன். என் கை பழகவில்லை, பாக்கெட் இளைத்திருக்கிறது. எடையைப் பார்த்தேன், கொக்கியைப் பார்த்தேன், திருகாணியைப் பார்த்தேன். பைக்குள் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் இல்லாத கருவியைத் தொடாதவள், கிளிப் போட்ட மாவு பாக்கெட்டை நம்பியிருக்கிறேன்.

இதில் இன்னொன்றும் உறைத்தது. ஷைலஜா சொன்னபடி முதல் நாளே பொட்டு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முதல் நாள் மாவு முழுசாக இருந்தது. அன்றைக்கு வைத்த அளவு சரியான அளவு. தினமும் சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் நான் அதைக் கெடுத்திருக்கிறேன்.

சீல் உடையாத பாட்டில்

அழ நேரமில்லை. ஆலன் கீ கையில் இருந்தது. ஆனால் எவ்வளவு முறுக்குவது? குறைவாக முறுக்கினால் மறுபடி விழும். அதிகமாக முறுக்கினால் துப்பாக்கி கல்லாகிவிடும். உள்ளே இரும்பு எடைக்கு முன்னால் நீண்ட வரிசை.

"இங்கயே ஒரு அரை கிலோ வேணும்" என்றேன்.

நான் சொல்லி முடிக்கவில்லை. இனியா பிரகாஷின் பையைக் கிளறி ஒரு தண்ணீர் பாட்டிலை வெளியே இழுத்தாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. அரை லிட்டர்.

நானும் ஷைலஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அரை லிட்டர் தண்ணீர் அரை கிலோ! பாட்டிலின் எடை அதற்கு மேல் கொஞ்சம். எனக்குக் கழுத்தெல்லாம் புல்லரித்தது. பாய்ந்து போய் மூடியைப் பார்த்தேன். சீல் உடையவில்லை.

"தண்ணி!" என்றாள் இனியா.

"குடிக்காத கண்ணு. அது அம்மாவோட எடைக்கல்லு" என்று பிரகாஷ் அவளை அள்ளித் தூக்கினார். "இந்த வாட்டி ஒரு சொட்டு கொறஞ்சா என்னைய உள்ள விடமாட்டா உங்கம்மா."

இனியாவின் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துப் பாட்டில் கழுத்தில் கட்டினேன். ஷைலஜா காற்று உருளையைக் கழற்றி, குழலுக்குள் ஆரஞ்சுக் கயிறு இருப்பதைப் பார்த்துச் சொன்னாள். ரிப்பன் முடிச்சை ட்ரிக்கரில் மாட்டித் தூக்கினேன். டிக். முறுக்கினேன். டிக். இன்னும் முறுக்கினேன். பாட்டில் பெஞ்சை விட்டுக் கிளம்பி, இலைகளுக்கிடையே விழுந்த வெயிலில் மின்னிக்கொண்டு, மெல்லச் சுழன்றது. தாங்கியது!

"ஒரே ஒரு தடவ, இன்னொரு வாட்டி..."

"பேடா அக்கா, பேடா! வேணாம்!" ஷைலஜா என் கையிலிருந்து ஆலன் கீயைப் பிடுங்கித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டாள். கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். இந்த முறை அடர்சிவப்பு. திருகாணித் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. காய வேண்டுமே என்று நான் ஊதினேன். ஷைலஜா ஊதினாள். பிரகாஷும் குனிந்து ஊதினார். பிறந்தநாள் மெழுகுவத்தி என்று நினைத்து இனியாவும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

மேசையில் அந்த அம்மா எடையை மாட்டித் தூக்கினார். இரும்பு மேசையை விட்டு மேலே வந்தது. ஆடாமல் நின்றது. துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, "போங்கம்மா, ரிலேக்குக் கூப்பிடறாங்க" என்றார்.

சந்தேகம் வருவதற்கு முன்

கணக்கில் வராத பயிற்சிக் குண்டுகளை முதலில் சுடலாம். முதல் குண்டு கீழே, இடது பக்கம் விழுந்தது. என் பூரித்தோல் ட்ரிக்கர் போய்விட்டது. இது வேறு யாருடைய துப்பாக்கியோ போல் இருந்தது. இரண்டாவதும் கீழே, இடது பக்கம். நெற்றியில் வேர்வை வழிந்தது. மாநிலப் போட்டிக்கு என்று நினைத்து வைத்திருந்த இனியாவின் ஸ்வெட்டர் ஏனோ நினைவுக்கு வந்தது.

மூன்றாவதும் அதே இடம்.

அதே இடம்!

பேரிகை பலூன் கடை கண்முன் வந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அதைத் திருத்திவிடலாம். குறி பார்க்கும் முள்ளை இரண்டு சொடுக்கு மேலேயும் கொஞ்சம் வலப்பக்கமும் திருப்பினேன். அடுத்த குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நான் யார், எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் மறந்துபோனது. தூக்கு. மெத்தென்ற தூரம். சுவர். காத்திரு. டப். சில நேரம் எட்டு விழுந்தது. பெரும்பாலும் ஒன்பதும் பத்தும். சந்தேகம் வந்தபோதெல்லாம் இறக்கினேன். பக்கத்து வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக முடித்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு நகர்ந்தார்கள். நான் இறக்குவதும் தூக்குவதுமாக இருந்தேன்.

கடைசிக் குண்டு. முன்னால் இருந்த சின்னத் திரையில் மொத்தத்தைப் பார்த்தேன். தகுதிக் கோட்டைத் தொட இன்னும் ஒன்பது வேண்டும். எட்டு போதாது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை.

தூக்கினேன். கை ஆடியது. இறக்கினேன். தூக்கினேன். பிடி சரியில்லையோ? இறக்கினேன். அரங்கில் நான் மட்டும்தான் மிச்சம் என்று தோன்றியது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இனியா "அம்மா!" என்று கூப்பிடுவது வாயசைவில் தெரிந்தது. உள்ளே சத்தம் வரவில்லை.

தூக்கினேன். விரல் சுவரில் போய் நின்றது. இறக்கிவிடலாமா என்று நினைக்க ஆரம்பித்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள், டப்.

நான் சுடவில்லை. ட்ரிக்கர் விழுந்தது. நல்ல ட்ரிக்கர் அப்படித்தான் விழும்.

திரையில் ஒன்பது.

நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே ஷைலஜா பிரகாஷின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இனியா ரிப்பன் இல்லாத தலையோடு குதித்துக்கொண்டிருந்தாள். பட்டியல் ஒட்டிய பிறகு நான் போய் என் பெயரைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். பரிசோதனை மேசை அம்மாவிடம், "இது சரியான மொத்தம்தானுங்களா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரியா கோட்டு மேலயே நிக்கிறீங்க. தள்ளிவிட யாரும் இல்ல. போயி ஸ்வீட் வாங்குங்க" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் ஓசூர் திரும்பினோம். சூளகிரி தாண்டும்போது ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது, எங்கோ மழை. இனியா பிரகாஷின் தோளில் வாய் திறந்து தூங்கினாள். அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கடைசியில் அவள்தான் குடித்துத் தீர்த்தாள். நான் மாநிலப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். ஜூனில் புது வேலையில் சேரும்போதே லீவு கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது, கேட்டால் கொடுப்பார்களா, கொடுக்காவிட்டால் என்ன செய்வது. பிரகாஷ் எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

சட்டென்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏங்க, கெளம்பற அவசரத்துல பீரோவப் பூட்டினேனா?"

பிரகாஷ் தூங்குகிற குழந்தை அசையாமல் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பீரோவுல என்னா இருக்குது? துப்பாக்கி உன் மடியில இருக்குது."

இருந்தாலும் ஒருமுறை துப்பாக்கிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.